கரையொதுங்கிய கப்பலைப் பற்றி நான் பேசியது

எனக்குக் கைதட்டல் பிடிக்கும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு இந்த விஷயத்தை எழுதினால் எழுதுவதிலேயே அர்த்தமில்லை. தோட்டவெளியைத் தாண்டி, மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிற ஒரு சின்னப் பாடசாலையில் நான் வரலாறு படிப்பிக்கிறேன். கூரைத் தகடு சூடேறிப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற கடைசிப் பாடவேளைதான் பெரும்பாலும் எனக்கு வந்து சேரும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் காலைப் பொழுதைக் கொடுத்துவிட்டு மிச்சம் மீதியை வரலாற்றின் தலையில் கட்டுவது எங்கள் பாடசாலையில் வழமை. அதனால் எந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்பதை நான் நன்றாகவே கற்று வைத்திருந்தேன்.

உரோமருக்கும் கார்த்தேஜ்காரருக்கும் நடந்த கடற்சண்டை அப்படியான ஒரு கதை. பாடப் புத்தகத்தில் அதற்குப் பெரிய இடமில்லை. நான்தான் இழுத்து நீட்டி வைத்திருந்தேன். கடலின் வியாபாரம் முழுவதும் கார்த்தேஜ்காரர் கையில் இருந்தது. உரோமருக்கு நிலத்தில்தான் பலம், கடலென்றால் வயிற்றைக் கலக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் சிசிலி என்ற தீவு, அதன் ஓரத்தில் ஒரு ஒடுங்கிய நீரிணை. அந்த நீரிணையை யார் வைத்திருப்பது என்பதில்தான் சண்டை தொடங்கியது. இதை விளங்கப்படுத்த எனக்குத் தேசப்படம் தேவைப்படவில்லை. ஒரு தீவு, ஒரு ஒடுங்கிய கடல், எதிர்க்கரையில் பெரிய படகுகள் வைத்திருக்கும் பலசாலிகள் என்று சொன்னதும், சன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

எங்கள் கடலில் நடப்பதை வெளியூர்க்காரருக்குச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். வாரத்தில் மூன்று நாள் இந்தியக் கரையிலிருந்து இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வரும். ஊரில் அவற்றை றோலர் என்பார்கள். கடலின் அடித்தளத்தை வாரி இழுத்துக்கொண்டு போகும்போது, எங்கள் ஆட்கள் விரித்து வைத்த வலைகளையும் அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அந்த மூன்று நாளும் இங்கே பலர் கடலுக்குப் போவதில்லை. றோலர் நாள் என்றே பேர் வந்துவிட்டது. கலியாண வீட்டுக்கு நாள் பார்க்கிறவர்கள்கூட றோலர் நாளாகப் பார்த்து வைக்கிறார்கள், அன்றைக்கென்றால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரு சனம் தன்னுடைய கிழமையையே இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்து வாழ்வது எவ்வளவு அவமானம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

ஒரு நாள் மீனவர் சங்கத் தலைவர் பாடசாலைக்கு வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் அவருடைய புது வலை முழுவதும் றோலரில் போயிருந்தது. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய வலை அது என்று ஊருக்கே தெரியும்.

"பிள்ளையள் வீட்ட வந்து சொல்லுதுகள் சேர், ஏதோ கப்பல் சண்டைக் கதை சொல்லுறீங்களாம். எங்கட பொதுக்கூட்டத்தில வந்து அதை ஒருக்காச் சொல்லுங்கோவன். சனம் சோர்ந்துபோய்க் கிடக்கு."

அழைத்தது சங்கத் தலைவர். கேட்கப்போகிறவர்கள் பெரியவர்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. கொஞ்சம் யோசிக்கிற மாதிரிப் பாவனை செய்துவிட்டு ஓம் என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பிறந்தது இந்தத் தீவில்தான். வளர்ந்தது இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு அகதி முகாமில். யுத்தம் வந்தபோது எங்கள் குடும்பத்தை ஒரு வள்ளக்காரன் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் ஏற ஏறத் திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கரையின் மீனவர்கள் தொழிலுக்கு வந்த இடத்தில் எங்களைக் கண்டு, விரித்த வலையைப் பாதியில் இழுத்துப் போட்டுவிட்டு, ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு முகாமில் வளர்ந்து, அங்கத்தைய பள்ளிக்கூடத்தில் படித்து, பெரியவனாகித் திரும்பி வந்தேன்.

திரும்பி வந்த புதிதில் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். "இந்தியாக்காரன் வாறான்" என்பார்கள். வந்துட்டேன், போயிட்டேன் என்று நான் சொல்வதைச் சந்தியில் நின்று நடித்துக் காட்டுவார்கள். மெல்ல மெல்ல அந்தப் பேச்சை நாக்கிலிருந்து துடைத்தெடுத்தேன். இப்போது என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சங்கக் கட்டடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் நிறைந்து, பின்னால் மதிலிலும் ஆட்கள் குந்தியிருந்தார்கள். நான் நன்றாகத்தான் ஆயத்தம் செய்து போயிருந்தேன். முதலில் எங்கள் பக்கத்து மாந்தையில் தொடங்கினேன். அந்தத் துறைமுகத்து மண்ணுக்குள்ளிருந்து உரோமக் காசு எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒப்பந்தம் சண்டைக்கு வெகுகாலம் முந்தியது. இன்ன முனைக்கு அப்பால் உரோமக் கப்பல் வரக்கூடாது என்று கார்த்தேஜ்காரர் எல்லை போட்டிருந்தார்கள். ஆனால் காற்றடித்தோ எதிரி துரத்தியோ ஒரு கப்பல் எல்லை தாண்டி வந்துவிட்டால் அதைப் பிடிக்கக் கூடாது. கப்பலைத் திருத்தத் தேவையானதையும் சாமிக்குப் படைக்கத் தேவையானதையும் அது வாங்கிக்கொள்ளலாம். ஐந்து நாளுக்குள் புறப்பட்டுப் போய்விடவேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு வல்லரசுகள், கல்லில் வெட்டினாற் போல அப்படி எழுதி ஒப்புக்கொண்டிருந்தன. வாசித்த நாளில் இருந்தே எனக்கு அது பிடித்த பகுதி.

ஆனால் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தேன். வலை போனவர்களின் முகம். எல்லை, சட்டம், விதிவிலக்கு என்று இவர்கள் அரச கந்தோர் கந்தோராக ஏறிக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். இதைச் சொன்னால் கூட்டம் தூங்கிவிடும் என்று எனக்குப் பட்டது. ஒப்பந்தத்தை விட்டுவிட்டு நேரே கப்பலுக்குத் தாவினேன்.

கார்த்தேஜின் போர்க்கப்பல் ஒன்று உரோமரைத் துரத்திக்கொண்டு வந்து கரை தட்டி நின்றுவிட்டது. உரோமர் அதைப் பிடித்து, பலகை பலகையாகப் பார்த்து, அதே மாதிரி தாங்களும் கட்டினார்கள். கப்பல் கட்டி முடிகிறவரை வீணாக இருக்காமல், துடுப்பு வலிக்கப் போகிறவர்களைக் கரையில் வாங்குகளில் வரிசையாக இருத்தி, வெறுங்காற்றில் வலிக்கப் பழக்கினார்கள். இதை நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நடித்தே காட்டினேன். சிரிப்பு கட்டடத்தைத் தூக்கியது. பிறகு அவர்கள் செய்த தந்திரம். இரும்பு அலகு வைத்த நீளப் பலகை ஒன்றைத் தூக்கி எதிரிக் கப்பலின் மேல் போடுவார்கள், அது குத்திப் பிடித்துக்கொள்ளும், பாலம் மாதிரி அதில் ஏறி ஓடிப்போய்ச் சண்டை போடுவார்கள். அதற்குக் காகம் என்று பேர். "காகமோ!" என்று மதிலில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

அப்போது ஒருவன் எழுந்தான். என்னிடம் படித்தவன், இப்போது தலைவரின் படகில் தொழிலுக்குப் போகிறவன், கலியாணமாகிவிட்டது. "சேர், கரை தட்டின அந்தக் கப்பலைப் பிறகு திருப்பிக் குடுத்தவங்களோ?" என்று கேட்டான்.

"திருப்பிக் குடுத்திருந்தால் இண்டைக்கு உரோமர் எண்டு ஒரு பேரே இருந்திராது" என்றேன்.

கைதட்டல் நிற்கவே இல்லை. அந்த வசனம் உண்மையுமில்லை. உரோமரிடம் ஆளும் மரமும் பிடிவாதமும் இருந்தன, அந்த ஒரு கப்பல் இல்லாவிட்டாலும் வேறு வழி பார்த்திருப்பார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாயில் வந்துவிட்டது, கேட்க நன்றாகவும் இருந்தது. பிளேன்ரீயும் விசுக்கோத்தும் தந்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடு வரை மோட்டார் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போனேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. காற்றிலோ எஞ்சின் பழுதாகியோ எதிர்க்கரைப் படகு ஒன்று ஒதுங்கினால், முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு எஞ்சினைப் பார்ப்பார்கள், இல்லாத சாமானைத் தங்கள் எஞ்சினில் இருந்து கழற்றிப் போடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் எல்லைவரை கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. அந்தக் கரையிலும் இப்படித்தான். சங்கத் தலைவரே இளவயதில் பாம்பன் பக்கம் ஒதுங்கி, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழும்பி வந்தவர். றோலர்த் தொல்லை முற்றிய பிறகும் சின்ன வள்ளங்கள் விஷயத்தில் அந்த வழக்கம் ஒருமாதிரி இழுபட்டுக்கொண்டு கிடந்தது.

கச்சான் காற்று, அதுதான் எங்கள் மேல்காற்று, பலமாக அடித்த ஒரு சனிக்கிழமை காலை, மீன் வாங்கலாம் என்று கரைக்குப் போனேன். மீன் இல்லை, கூட்டம் இருந்தது. நடுவில் ஒரு நாட்டு வள்ளம் மணலில் சரிந்து கிடந்தது. அதன் நிழலில் இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், வள்ளத்தின் சொந்தக்காரர். மற்றவன் அவருடைய மைத்துனன். வெயிலில் உதடு வெடித்திருந்தது. யாரும் அவர்களை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் தண்ணீரும் கொடுத்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"காத்துல அடிச்சு வந்துட்டோம்ணே. இன்ஜின் நின்னுபோச்சு. வேணும்னு வரலண்ணே" என்று பெரியவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் என்ன செய்யிறது எண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறம், சேர்" என்றார் தலைவர். அவர் குரலில் ஒரு தடுமாற்றம் இருந்தது. நேவிக்கு அறிவித்தால் வழக்கு முடியும்வரை இருவரும் விளக்கமறியல் சிறையில் கிடப்பார்கள், வள்ளம் அரசுடைமையாகும். றோலர் முதலாளிக்கு ஒரு படகு போனால் இன்னொன்று இருக்கும். வள்ளக்காரனுக்கு வள்ளம் போனால் அதோடு முடிந்தது. அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும், தாங்களும் வள்ளக்காரர்தானே.

என்னுடைய பழைய மாணவன் முன்னுக்கு வந்தான். "இதில கதைக்க என்ன கிடக்கு? சேரே சொன்னவர்தானே. கரை தட்டின கப்பலைத் திருப்பிக் குடுத்திருந்தால் உரோமர் எண்டு ஒரு பேரே இருந்திராது எண்டு."

பல தலைகள் ஆடின. ஒருவர் அதே வசனத்தை, என்னுடைய கையசைப்போடு, பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக் காட்டினார். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. நான் சிரிப்புக்காகச் சொன்னதை இவர்கள் இத்தனை நாளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"அது வேற கதை" என்றேன். "அது போர்க்கப்பல். இவங்கள் காத்தில அள்ளுப்பட்டு வந்த சனம். அந்தச் சண்டைக்கு முதல் ரெண்டு பக்கமும் ஒரு ஒப்பந்தம் செய்தது. காத்தில வந்த கப்பலைப் பிடிக்கேலாது. திருத்தி அனுப்பவேணும் எண்டு எழுதியே வைச்சிருந்தவை."

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "அதை ஏன் சேர் அண்டைக்குச் சொல்லேல்ல?"

என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் கைதட்ட மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்பதுதான் அந்தப் பதில். ஆனால் "நேரம் காணேல்ல" என்றேன்.

"இது புத்தகத்தில கிடக்கோ, இல்லாட்டி இப்ப நீங்கள் கட்டினதோ?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அன்றைக்கு எனக்காகச் சிரித்த அதே ஆட்கள்தான்.

அந்த நேரம் பெரியவர் என் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். நான் யோசிக்கவில்லை. "இருங்கண்ணே, தர்றேன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். எத்தனையோ வருடமாகத் துடைத்து வைத்திருந்த பேச்சு, ஒரு சொட்டுக் குறையாமல் வந்து விழுந்தது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆ, சேர் அங்க வளந்தவர் எல்லே" என்று பழைய மாணவன் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. எல்லாம் இப்போதுதான் விளங்கிற்று என்ற மாதிரிச் சொன்னான். "அங்கத்தைய சோறு பேசுது" என்றது இன்னொரு குரல்.

அங்கே நான் சொல்லியிருக்கவேண்டியது மிகச் சுலபமானது. ஓமடா, அங்கத்தைய சோறுதான். மணல்திட்டில் சாகக் கிடந்தவனை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இப்படியான வள்ளக்காரர்தான். தலைவரே, உங்களையும் பாம்பனில் ஒரு வீட்டில் சாப்பிட வைத்தார்கள்தானே. இவ்வளவுதான். தலைவர் அதற்காகவே காத்து நின்றது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் என் காதில் விழுந்ததெல்லாம் சந்தியில் நின்று என்னை நடித்துக் காட்டியவர்களின் குரல்தான். போத்தல் தண்ணீரை நீட்டிவிட்டு, எங்கள் ஊர்ப் பேச்சைக் கவனமாக எடுத்துப் போட்டுக்கொண்டு, "நான் என்ர பக்கத்தைச் சொல்லிப்போட்டன். முடிவு சங்கத்தின்ர" என்றேன். பின்னால் ஒரு அடி வைத்தேன்.

நேவியிடம் ஒப்படைக்கச் சம்மதமானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். உயர்ந்த கைகள்தான் அதிகம். தலைவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தனியே போய்ப் பேசினார். கொஞ்ச நேரத்தில் நேவிப் படகு வந்தது.

ஏற்றும்போது பெரியவர் திரும்பி என்னைத் தேடினார். நான் ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "நீங்க ஒருத்தர்தான் சார் எங்களுக்காகப் பேசுனீங்க" என்றார். பிறகு மனைவியின் தொலைபேசி எண்ணை இரண்டு தரம் சொன்னார். நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதையும் சொல்லிப் பயமுறுத்தாதீங்க என்றார். அந்தக் கும்பிடு எனக்கு உரியதில்லை என்று அவருக்குச் சொல்ல நேரம் இருந்தது. படகு தள்ளப்படும்வரை நேரம் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அன்று மத்தியானமே அந்த அம்மாவுக்குக் கதைத்தேன். முதலில் அழுதார். பிறகு என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க நம்ம பக்கத்து ஆளா?" என்றார். முகாமில் இருந்ததைச் சொன்னேன். "அதான் மனசு இருக்கு" என்றார். அந்தப் பெண்ணிடம் பேசும்போது என் நாக்கு இலேசாக, தடையில்லாமல் ஓடியது. அதற்கும் சேர்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி எடுப்பார். புருஷனைப் பற்றிக் கேட்பார், பிறகு வள்ளத்தைப் பற்றிக் கேட்பார். "நம்ம போட்டை மூடி வச்சிருக்காங்களாண்ணே? வெயில்ல கெடந்தா வெடிச்சிரும்." தலைமன்னாருக்குப் போய் நேவி முகாம் வேலிக்கு வெளியில் நின்று பார்த்தேன். பிடிபட்ட படகுகளோடு படகாக அது சரிந்து கிடந்தது. மேலே ஒன்றுமில்லை, முன்பக்க அணியத்தில் வெயில் பட்டுப் பூச்சு உரிந்து தொங்கியது. வீட்டுக்கு வந்து, "மூடித்தான் வச்சிருக்காங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வழக்கு முடிந்தது. இருவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அதாவது, இனி ஒருமுறை எல்லை தாண்டிப் பிடிபட்டால் பழைய தண்டனையையும் சேர்த்து அனுபவிக்கவேண்டும். ஆட்களைக் கொழும்பு வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். வள்ளம் அரசுடைமை என்று தீர்ப்பானது.

தீர்ப்பு வந்த கிழமை தலைவரைக் கோயில் வாசலில் கண்டேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் என் கண்ணில் படாமலே திரிந்தார். அன்றைக்கு அவராகவே கிட்ட வந்து, "நாங்கள் செய்தது சரிதானே, சேர்?" என்று கேட்டார். சரியில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. "உங்கட வலை போனதுதானே" என்றேன். அவர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நினைத்தேன், இதோடு முடிந்தது என்று. முடியவில்லை. வள்ளம் பிடித்துக் கொடுத்ததில் ஊர் இளைஞர்களுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. றோலரைக் கண்டால் ஒதுங்குவதில்லை, பல படகுகள் சேர்ந்து போய் வளைத்துப் பிடிப்பது என்று பேசத் தொடங்கினார்கள். ஒரு நாள் பாடசாலை முடிந்து வரும்போது பழைய மாணவன் கையைக் காட்டி மறித்து, வாடிக்குள் கூட்டிக்கொண்டு போனான். மீன்பிடிச் சாமான் வைக்கிற அந்த ஓலைக் கொட்டிலுக்குள், அடம்பன் பக்கத்து இரும்புக் கடையில் வளைத்து வாங்கிய கொக்கி ஒன்று, தடித்த பலகையில் பூட்டி, நுனியில் கயிறு கட்டிக் கிடந்தது.

"பாத்தீங்களே சேர்? காகம்!" என்றான்.

அவ்வளவு சந்தோசம் அவன் முகத்தில். படிக்கிற காலத்தில் ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதாதவன். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்து காட்டுகிறான். றோலரின் மேல் அதைக் கொளுவினால் என்ன நடக்கும், சின்னப் படகைப் பெரிய எஞ்சின் இழுத்துக் கவிழ்க்காதா, மேலே நிற்கிற கூலிக்காரர் கத்தியெடுக்க மாட்டார்களா என்று கேட்கவேண்டும். கார்த்தேஜ் கடைசியில் எரிந்துதான் போனது, உரோமரின் கப்பல்களிலும் ஆயிரக்கணக்கான பேர் கடலில் மூழ்கிப்போனார்கள் என்றும் சொல்லவேண்டும். "கவனமடா" என்று மட்டும் சொன்னேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அடுத்த றோலர் நாள் பின்னேரம் அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பல நாள் எடுக்காமல் இருந்தவர்.

"அண்ணே, அவரு லாஞ்சுக்குக் கூலிக்குப் போறாருண்ணே" என்றார். லாஞ்சு என்பது அவர்கள் ஊரில் றோலருக்குப் பேர். "போட்டு இல்லாம என்ன பண்றது? வேற தொழிலும் தெரியாது. இப்பத்தான் கெளம்பிப் போனாரு."

"எங்க பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மறுபடி புடிச்சா உள்ள போட்டுருவாங்க."

"அவரா ஓட்டுறாரு? லாஞ்சு போற பக்கந்தான போகணும்."

வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமாக இரண்டு உழவு இயந்திரங்கள் படகுகளை ஏற்றிக்கொண்டு போயின. ஒன்றின் மேல் பழைய மாணவன் இருந்தான், என்னைக் கண்டு கையசைத்தான்.  அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் நான் சொன்ன கதை, அந்த வசனம், அதை வைத்தே ஊர்ச் சனம் வள்ளத்தைப் பிடித்துக் கொடுத்தது, நான் பாதியில் வாயை மூடியது, வள்ளம் மூடாமல் கிடப்பது, இன்றைக்கு இவர்கள் கொக்கியோடு போவது. வெட்கத்தில் வேகமாகச் சொன்னேன். உரோமர் யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவதும், அதை யாரோ தூக்கிக்கொண்டு போவதும் கேட்டது.

"அப்ப உங்க பேச்சக் கேட்டுத்தான் அவங்க செஞ்சாங்களாண்ணே?"

"ஆமா" என்றேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். உண்மையில் ஏசவேண்டும் என்றே ஆசைப்பட்டேன். நாசமாய்ப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இலேசாகியிருக்கும். அதற்காகத்தான் சொன்னேனோ என்னவோ.

"அப்ப நல்லதாப் போச்சுண்ணே" என்றார். அந்தக் குரலில் திடீரென்று ஒரு உயிர் வந்திருந்தது. "நீங்க சொன்னா அந்த ஊர்க்காரங்க கேக்குறாங்கள்ல? இப்பவே போயி இன்னொரு தடவ சொல்லுங்க. இந்த மாதிரி ஒருத்தரு லாஞ்சுல வருவாரு, கூலிக்கு வந்தவரு, அவர ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லி வைங்க. கேப்பாங்கள்ல அண்ணே?"

உழவு இயந்திரங்களின் சத்தம் கரையில் போய் நின்றுவிட்டது. படகுகளைத் தண்ணீரில் தள்ளுகிறார்கள்.

"கேப்பாங்க" என்று சொன்னேன்.